கார்னியே ஓபரா: படிக்கட்டுக்காகவே போகலாம்

பாரிஸ் போகிறவர்கள் ஈஃபல் கோபுரம், லூவ்ர் என்று முதலில் எழுதிவிட்டு, நேரம் மிஞ்சினால் கார்னியே ஓபரா என்ற பழைய இசை நாடக அரங்கத்தைப் பட்டியலின் அடியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதை மேலே ஏற்றுங்கள் என்பதுதான் இந்த விமர்சனத்தின் சாரம். கட்டட வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்த ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்றே சொல்வேன்.

நான் மதுரைப் பக்கம் கட்டட மேற்பார்வையாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் பாரிஸில் வேலையில் இருப்பதால் நானும் மனைவியும் போயிருந்தோம். ஓபரா, பாலே நடனம் இதிலெல்லாம் எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் படியின் உயரம், கைப்பிடியின் அகலம், கல்லும் கல்லும் சேரும் இடம், தண்ணீர் எங்கே போகிறது, இவைதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். ஓபராவின் சொந்த இணையதளத்திலேயே நாளும் நேரமும் குறித்து வாங்கிவிடுங்கள். எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று ஏதோ ஒரு இடைத்தரகர் தளத்தில் வாங்கி, ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்திருந்தது. அவர்களுக்குக் கிடைத்ததும் அதே சாதாரண நுழைவுச் சீட்டுதான். வாங்கும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒத்திகை, மேடை வேலை இருக்கும் நாட்களில் பார்வையாளர் அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்த நாட்களை அதே தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் போய், ஓவியர் ஷகால் வரைந்த கூரையைப் பார்க்க முடியாமல் திரும்பியவர்கள் நிறைய. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு வாசல் முகப்பில் இல்லை. இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் ஸ்க்ரீப் தெருவும் ஓபேர் தெருவும் சேரும் முனையில் இருக்கிறது. மெட்ரோவில் 3, 7, 8 மூன்று தடங்களும் ஓபரா நிலையத்தில் நிற்கும். வெளியே ஏறி வந்தால் கட்டடம் நேர் எதிரே.

உள்ளே போகும் அவசரம் வேண்டாம். அரைமணி நேரம் முன்னதாகவே வந்து வெளியே ஒரு சுற்று சுற்றுங்கள். லூவ்ர் பக்கத்திலிருந்து வரும் ஓபரா அவென்யூவில் மரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாரிஸின் பெரிய சாலைகளில் இருபுறமும் மரம் வைப்பது வழக்கம். இங்கே மட்டும் முகப்பை மறைக்கும் என்று இதைக் கட்டிய கட்டடக் கலைஞர் கார்னியே வேண்டாம் என்று நின்றார். அதனால் அவென்யூவின் மறுமுனையிலிருந்தே கட்டடம் முழுசாகத் தெரிகிறது.

கொஞ்சம் பின்வாங்கி நின்று பார்த்தால் கட்டடம் தன்னைத் தானே விளக்கிவிடும். முன்னால் தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட பகுதிதான் இடைவேளையில் மக்கள் உலாவும் பெரிய கூடம். அதன் பின்னால் தெரியும் பச்சைக் கும்மட்டத்துக்கு அடியில் பார்வையாளர் அரங்கம். அதற்கும் பின்னால், முக்கோண நெற்றியோடு எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்பது மேடை. உள்ளே என்ன வேலை நடக்கிறதோ அதை வெளியே மறைக்காமல் காட்டியிருக்கிறார். இவ்வளவு சிற்பமும் தங்கமும் இருக்கும் ஒரு கட்டடத்தில் வரைபடம் இத்தனை நேர்மையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முகப்பில் வலதுபுறம் கீழே நடனமாடும் பெண்களின் சிற்பக் கூட்டம் ஒன்று இருக்கிறது. சிற்பி கார்ப்போ செய்தது. 1869-ல் இந்தச் சிற்பத்தைத் திறந்து வைத்தபோது ஆபாசம் என்று பெரிய கூச்சல். யாரோ இரவில் வந்து மைப்புட்டியை எறிந்துவிட்டுப் போனார்கள். இப்போது அங்கே இருப்பது பிரதி. பக்கத்தில் இருக்கும் மற்ற சிற்பக் கூட்டங்கள் விறைப்பாக நிற்க, இது ஒன்றுதான் சுவரிலிருந்து வெளியே வரப்பார்க்கிறது.

இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய சாய்தளம் வளைந்து மேலே ஏறும். அது மூன்றாம் நெப்போலியனுக்காகக் கட்டிய வழி. இந்தக் கட்டடம் பிறந்த கதையே அங்கே இருக்கிறது. 1858 ஜனவரி 14 அன்று பழைய ஓபராவின் வாசலில் பேரரசரின் வண்டி மீது இத்தாலியப் புரட்சியாளர் ஓர்சினியும் அவர் ஆட்களும் குண்டு வீசினார்கள். பேரரசர் தப்பினார், தெருவில் நின்ற பலர் இறந்தார்கள். வண்டியோடு நேராக உள்ளே போய் இறங்கும்படியாகப் பாதுகாப்பான புதிய ஓபரா வேண்டும் என்று அதன் பிறகுதான் முடிவானது. போட்டி வைத்தார்கள். 171 வரைபடங்கள் வந்தன. வென்றவர் அதுவரை அவ்வளவாகப் பெயர் தெரியாத ஷார்ல் கார்னியே, வயது 35. 1861-ல் வேலை தொடங்கியது. பிரஷ்யப் போரின்போது முற்றுகையில் இருந்த நகரத்துக்கு இதுவே தானியக் கிடங்காக இருந்தது. 1870-ல் பேரரசு விழுந்தது. 1873-ல் பழைய ஓபரா தீயில் போனது. 1875 ஜனவரி 5 அன்றுதான் இது திறக்கப்பட்டது. யாருக்காக அந்தச் சாய்தளம் கட்டினார்களோ அவர் இங்கிலாந்தில் இறந்து அப்போது இரண்டு வருஷம். பேரரசரின் பகுதி முடிக்கப்படவே இல்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் செதுக்காமல் விட்ட கல் கட்டிகள் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய பாடம். கல்லை முதலில் கட்டிகளாக வைத்துக் கட்டிவிட்டு, அப்புறம்தான் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள் என்பது அந்த முடியாத இடத்தைப் பார்த்தால்தான் புரிகிறது.

இனி நிலத்துக்கு அடியில். இதை யாரும் உங்களுக்குக் காட்டமாட்டார்கள், ஆனால் தெரிந்துகொண்டு போனால் மேலே நடக்கும்போது வேறு மாதிரி இருக்கும். மேடைக்குக் கீழே காட்சித் திரைகளை இறக்கி மறைக்க ஆழமான இடம் வேண்டும். தோண்டினார்கள். நிலத்தடி நீர் பொங்கிவிட்டது. நீராவிப் பம்புகளை வைத்து மாதக்கணக்கில் இராப்பகலாக இறைத்தும் நீர் அடங்கவில்லை. கார்னியே கடைசியில் தண்ணீரோடு சண்டை போடுவதை விட்டார். இரட்டைச் சுவர் வைத்துக் காங்கிரீட்டில் பெரிய தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் தண்ணீரையே நிரப்பி வைத்தார். வெளியிலிருந்து அழுத்தும் நீருக்கு உள்ளிருக்கும் நீரே எதிர்பலம். தீப்பிடித்தால் அணைக்கவும் அது கையிருப்பு. பாரிஸ் தீயணைப்புப் படையினர் இன்றும் அதில் இறங்கி இருட்டில் நீந்தும் பயிற்சி எடுக்கிறார்கள். ஓபராவுக்கு அடியில் ஏரி இருக்கிறது, அதில் ஒரு பேய் குடியிருக்கிறது என்று எழுந்த கதைகளுக்கெல்லாம் இந்தத் தொட்டிதான் மூலம். எனக்குப் பேயைவிட அந்தத் தீர்வுதான் பிரமிப்பாக இருந்தது. ஊற்று எடுக்கும் நிலத்தில் அடித்தளம் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

வாசல் வழியாக உள்ளே போனதும் அரங்கத்துக்கு நேர் கீழே இருக்கும் வட்டமான தாழ்ந்த கூடம் வரும். ஆண்டுச் சந்தா கட்டிய பணக்காரர்கள் குதிரை வண்டியில் வந்து இறங்கி, இங்கே வந்துதான் மேலே ஏறுவார்கள். இந்தக் கூடத்தில் தலையை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையின் நடுவே கொடியும் இலையுமாகச் சுற்றிச் செதுக்கிய அலங்காரம் இருக்கிறது. அது வெறும் கொடி இல்லை, எழுத்து. கார்னியே தன் முழுப் பெயரையும் 1861, 1875 என்ற ஆண்டுகளையும் அந்தக் கொடிக்குள் நெய்து வைத்திருக்கிறார். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரிய குழு முழுவதும் நிற்காமல் நடந்துவிட்டது. என் மகள்தான் எழுத்து எழுத்தாகக் காட்டினாள். பிடிபட்ட பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

அங்கிருந்து சில அடி நடந்தால் படிக்கட்டின் வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னக் குளமும், அதன் நடுவே முக்காலியில் உட்கார்ந்து ஆவேசத்தில் கைநீட்டும் பெண் சிலையும். கிரேக்கர்களின் குறி சொல்லும் பித்தியா. செய்தவர் மார்செல்லோ என்று ஆண் பெயரில் ஒளிந்துகொண்ட ஒரு சீமாட்டி, அடெல் தாஃப்ரி. வெளிச்சம் குறைவு, கூரை தாழ்வு. இதை இப்படி வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த இருட்டிலிருந்து ஒரு திருப்பம் திரும்பினால் தலைக்கு மேலே 30 மீட்டர் வெறும் வெளி.

பெரிய படிக்கட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. கீழே அகலமாக விரிந்து தொடங்கி மேலே போகப்போகக் குறுகி ஒரு தளத்தில் நிற்கிறது. அங்கே இரண்டு பெண் சிலைகள் தாங்கும் ஒரு கதவு, சோக நாடகம் ஒருத்தி, நகைச்சுவை ஒருத்தி. அந்தத் தளத்தில் படி இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் திரும்பி மேல் மாடிக்குப் போகிறது. படிகள் வெள்ளைப் பளிங்கு. கைப்பிடிச் சுவரின் அடிக்கல் பச்சை, ஸ்வீடனிலிருந்து வந்த பளிங்கு. குட்டித் தூண்கள் ஆழ்ந்த சிவப்பு. மேலே கை வைக்கும் கட்டை ஓனிக்ஸ் கல். படத்தில் பார்க்கும்போது கலர் அதிகமோ என்று நினைத்திருந்தேன். நேரில் அப்படி இல்லை. காலுக்கு வெள்ளை, இடுப்புக்குச் சிவப்பு, கைக்குத் தேன் நிறம் என்று உடம்பின் உயரத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது.

அந்த ஓனிக்ஸ் கைப்பிடியில் கையை வைத்தபடியே மேல்தளம் வரை போனேன். சில்லென்று இருக்கிறது. உள்ளங்கை முழுவதும் பதியும் அகலம். வளைவில் கல்லைச் சேர்த்த இடத்தைத் தேடினேன். கண்ணுக்குக் கோடு தெரிகிறது, விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. இடது பக்கம் விளக்கு எரியும் இடத்தில் கல்லின் ஓரம் உள்ளேயே ஒளி ஏறி மங்கலாக மின்னுகிறது. வளைந்து ஏறும் கைப்பிடியில் இரண்டு திசைத் திருப்பமும் சேர்ந்து வரும். அதை மரத்தில் செய்யவே நம் ஆசாரிகளில் நல்ல கைக்காரர் வேண்டும். இவர்கள் கல்லில் செய்திருக்கிறார்கள். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. படிக்கட்டைக் கீழிருந்து பார்த்ததும் தயங்கினாள். ஆனால் படிகள் தாழ்வு, மிதிக்கும் இடம் அகலம், நடுவில் நின்று மூச்சு விடத் தளம். நீளப் பாவாடையும் நகையுமாக வரும் பெண்கள் கீழே பார்க்காமல், தலை நிமிர்ந்து ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த படிகள் அவை. அந்தக் கணக்கு 150 வருஷம் கழித்து ஒரு முழங்கால் வலிக்காரிக்கும் உதவியது. ஏறவே முடியாதவர்கள் ஊழியர்களிடம் கேட்டால் லிஃப்டுக்கு வழி காட்டுகிறார்கள்.

மேல்தளத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் கட்டடத்தின் நோக்கம் எனக்குப் பிடிபட்டது. படிக்கட்டைச் சுற்றி நாலு பக்கமும் மாடி மாடியாக முன்னால் துருத்தும் பால்கனிகள். ஏன் இத்தனை பால்கனி? ஏறி வருகிறவர்களைப் பார்க்க. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மேடையைவிட வாசலில் யார் வருகிறார்கள், என்ன கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் அதிகம் இல்லையா, அதே மனிதச் சுபாவத்தைக் கார்னியே மறைக்காமல் ஒப்புக்கொண்டு அதற்கென்றே ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார். 11,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. உட்கார இடமோ 2,000 பேருக்கும் குறைவு. மிச்ச இடமெல்லாம் நடக்க, நிற்க, பார்க்க, பார்க்கப்பட. இதை வீண் ஆடம்பரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இசையமைப்பாளர் டெபுஸி வெளியே ரயில் நிலையம், உள்ளே துருக்கிக் குளியலறை என்று ஏசினார். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒரு பொதுக் கட்டடத்தில் மக்கள் எப்படி ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள், எங்கே தேங்குவார்கள், எங்கே திரும்புவார்கள் என்று இவ்வளவு யோசித்த வேறு கட்டடத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு உள்ளே இருந்த கூட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் படிக்கட்டில் எங்கும் நெரிசல் இல்லை.

ஒரே தொந்தரவு, படிக்கட்டில் புகைப்படத்துக்காக நின்றுவிடுபவர்கள். வால் நீண்ட உடை போட்டுக்கொண்டு வந்து ஒரே படியில் கால்மணி நேரம் நிற்கிறார்கள். காலை 10 மணிக்குத் திறந்த உடனே போனால் இது குறைவு. மதியத்துக்கு மேல் பொறுமை தேவை.

அரங்கத்துக்குள் நேராகப் போக முடியாது. வளைந்த நடையிலிருந்து ஒன்றிரண்டு பாக்ஸ்களின், அதாவது சிலர் மட்டும் உட்காரும் தனித் தடுப்பறைகளின், கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் நாலைந்து பேர்தான் நிற்கலாம். வரிசையில் நின்று, முறை வந்ததும் முன்னால் போய் எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பார்கள். இது சுற்றுலாவின் மிகப் பலவீனமான பகுதி. இருந்தாலும் அவசரப்படாமல் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வெல்வெட், தங்கம், குதிரை லாடம் போல வளைந்த ஐந்து அடுக்குகள், 1,979 இருக்கைகள். கார்னியே எல்லா இடத்திலும் தங்க ரேக் ஒட்டவில்லை. வெளிச்சம் விழும் விளிம்புகளில் மட்டும் தங்கம், நிழல் விழும் குழிவுகளில் மஞ்சள் சாயல் வண்ணம். கண் அதை முழுத் தங்கமாகவே எடுத்துக்கொள்கிறது. செலவு மிச்சம், அழகும் கூடுதல். அன்றைக்கு எரிந்தது எரிவாயு விளக்கு, அதன் மஞ்சள் ஒளிக்கு இது இன்னும் பொருந்தியிருக்கும். 1881-ல்தான் மின்சாரம் வந்தது.

நடுவில் தொங்கும் சரவிளக்கு ஏழெட்டு டன் எடை, 340 விளக்குகள். 1896 மே 20 அன்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது அதன் எதிர்எடைகளில் ஒன்று அறுந்து கூரையைத் துளைத்து விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். பேய்க் கதைக்குத் தீனி போட்ட இன்னொரு நிகழ்ச்சி அது. பாக்ஸ் எண் 5-ன் கதவில் பேய்க்கு ஒதுக்கிய இடம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பூட்டிய அந்தக் கதவுக்கு முன்னால் எப்போதும் ஒரு கூட்டம்.

கூரைக்கு வருகிறேன். விளக்கைச் சுற்றி இப்போது தெரிவது மார்க் ஷகால் 1964-ல் முடித்த ஓவியம். கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கேட்டுக்கொண்டதற்காக, 77 வயதில், சம்பளம் வாங்காமல் வரைந்தார். 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. நீலம், பச்சை, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று ஐந்து பெரிய நிறப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் இசையமைப்பாளர்களின் படைப்புகள். நீலத்தில் மொசார்ட், மஞ்சளில் சைகோவ்ஸ்கியின் அன்னங்கள். ஈஃபல் கோபுரமும் இந்த ஓபராவும்கூட எங்கோ மிதக்கின்றன. பழைய கூரை ஓவியம், லெனெப்வு வரைந்தது, அழிக்கப்படவில்லை. புதியதைத் தனிச் சட்டகத்தில் மாட்டி அதற்குக் கீழே பொருத்தியிருக்கிறார்கள். கழற்றினால் பழையது அப்படியே இருக்கும். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. பழையதை இடிக்காமல் புதியதைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஓவியம் அந்த அரங்கத்துக்குப் பொருந்துகிறதா? என் மகளுக்கு உயிர். எனக்குப் பாக்ஸில் நின்று பார்த்தபோது ஒட்டவில்லை. தனியாக மிக அழகு. ஆனால் கார்னியே அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே கையாகச் செய்த வேலையில் வேறொரு குரல் சத்தமாகப் பேசுகிறது என்றே தோன்றியது. அப்புறம் ஒரு மாலை பாலே பார்க்க மேல் அடுக்கில் உட்கார்ந்தோம். அங்கே ஓவியம் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்குகள் மங்கும்போது தங்கம் எல்லாம் பழுப்பாகி அடங்க, நீலம் மட்டும் கடைசி வரை நின்றது. அப்போது மனம் கொஞ்சம் இளகியது என்பது உண்மை.

பெரிய கூடம் பகலில் பார்க்க வேண்டியது. 54 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம். ஒரு பக்கம் ஜன்னல்கள், எதிர்ப்பக்கம் கண்ணாடிகள், கூரையில் பால் போத்ரியின் ஓவியங்கள். 2004-ல் துப்புரவு செய்து பழைய நிறத்தை மீட்டிருக்கிறார்கள். அவென்யூவைப் பார்த்த நடு ஜன்னல் பக்கம் கார்ப்போ செய்த கார்னியேயின் மார்பளவுச் சிலையின் பிரதி. இந்தக் கூடத்தில் எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். கீழேயும் பாருங்கள். வெப்பக் காற்று வரும் கம்பித் தட்டுகளிலும், கதவுக் குமிழ்களிலும் யாழ் வடிவம். தூண்களின் தலைப்பிலும் அதே யாழ். ஒரு கதவின் குமிழைப் பிடித்துப் பார்த்தேன். யாழின் இரண்டு கொம்புகளும் விரல்களுக்கு இடையில் சரியாக உட்காருகின்றன. அலங்காரத்தை ஒட்டவைக்கவில்லை, பிடியே அலங்காரமாகியிருக்கிறது. கதவுக் குமிழ் வரை கட்டடக் கலைஞரே யோசித்த கட்டடம் என்பதற்கு அது ஒன்று போதும்.

அதற்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய கூடத்தில் தங்கப் பின்னணியில் வெனிஸ் பாணி மொசைக் கூரை. அதன் நேர்த்தி எனக்குப் பெரிய கூடத்தைவிட மேலாகப் பட்டது, ஆனால் அங்கே யாரும் நிற்பதில்லை. ஓரத்தில் சூரியன், சந்திரன் என்று இரண்டு சின்ன அறைகள். எதிரெதிர்க் கண்ணாடிகளில் நம் உருவம் எல்லை இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு அதுதான் மிகவும் பிடிக்கிறது. பேரரசருக்காகக் கட்டிய பகுதியில் இப்போது நூலகமும் அருங்காட்சியகமும். பழைய நாடகங்களின் காட்சி அமைப்புகளைச் சின்ன மாதிரிகளாகச் செய்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், பார்க்கலாம்.

பாலே பார்த்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தை. முடிந்தால் நீங்களும் ஒரு நிகழ்ச்சிக்குப் போங்கள். பார்வை மறையும் இருக்கைகள் மலிவாகக் கிடைக்கும். 1989-ல் பாஸ்டீல் ஓபரா என்ற புதிய அரங்கம் திறந்த பிறகு பெரிய ஓபராக்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன, இங்கே பாலே அதிகம். மேடை தட்டையாக இல்லை, பார்வையாளர் பக்கம் 5 சதவீதம் சரிகிறது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர். அந்தச் சரிவில் விரல் நுனியில் சுற்றுகிறார்கள். நடனத்தின் நுணுக்கம் எனக்குப் புரிந்ததாகச் சொல்லமாட்டேன், ஆனால் அந்தச் சரிவைத் தெரிந்துகொண்டு பார்த்ததில் கால்களைவிட்டுக் கண் நகரவில்லை. இடைவேளையில் நாங்கள் சிற்றுண்டிப் பக்கம் போகாமல் படிக்கட்டுப் பால்கனிக்குப் போய் நின்றோம். பகலில் காலியாகப் பார்த்த அத்தனை பால்கனியிலும் ஆட்கள் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஏறுகிறவர்கள் மேலே பார்த்தபடி ஏறினார்கள். பேச்சுச் சத்தம் எழும்பி அந்த 30 மீட்டர் உயரத்தில் கலந்து ஒரே முழக்கமாக வந்தது. பகல் சுற்றுலாவில் கட்டடத்தைப் பார்க்கிறோம். இங்கே அது வேலை செய்வதைப் பார்க்கலாம்.

குறைகள் என்று எடுத்தால், உட்கார இடம் மிகக் குறைவு. விளக்கப் பலகைகள் சிக்கனம். ஒலிவழிகாட்டியைத் தனியாகப் பணம் கொடுத்து எடுக்க வேண்டும். அதைவிட வழிகாட்டி கூட வரும் சுற்று நல்லது, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. நினைவுப் பொருள் கடை விலை அதிகம். வேகமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம். நான் சொன்னபடி பார்த்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2027-லிருந்து இரண்டு ஆண்டு போல மூடிப் புதுப்பிக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். பயணம் திட்டமிடுபவர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், கையோடு ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். கார்ப்போவின் அசல் நடனச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. மழையிலும் புகையிலும் நின்ற தழும்பு அதன் மேல் தெரியும். அதே தளத்தில் ஓபராவை நெடுக்காக வெட்டிக் காட்டும் பெரிய மாதிரி ஒன்று உண்டு. படிக்கட்டு எவ்வளவு, அரங்கம் எவ்வளவு, மேடை எவ்வளவு, நிலத்துக்கு அடியில் எவ்வளவு என்று எல்லாம் ஒரே பார்வையில் வரும். கட்டட வேலை தெரிந்தவர்கள் அந்த மாதிரியை முதலில் பார்த்துவிட்டு ஓபராவுக்குப் போவது இன்னும் நல்லது.